பொறியியல் மாணவர்களின் பல்துறைக் குழுத் திட்டங்கள்: வேலூர் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வட ஆர்க்காடு மாவட்டம் இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நான்காகப் பிரிந்திருக்கிறது. இந்த வட்டாரத்துப் பொறியியல் கல்லூரிகளில் மூன்றாம், நான்காம் ஆண்டு படிக்கும் மாணவர்களும், அவர்களுடைய பெற்றோரும், முதன்முறையாக வழிகாட்டியாகப் பொறுப்பேற்கும் ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே அளவில் விடை சொல்லவில்லை. சிலவற்றுக்கு ஒரு வரி போதும், சிலவற்றை ஒரு பக்கத்திலும் முடிக்க இயலாது.

பல்துறைக் குழுத் திட்டம் என்பது என்ன?

ஒரு குழுவில் நான்கு துறை மாணவர்களின் பெயர்கள் இருப்பதாலேயே அது பல்துறைத் திட்டம் ஆகிவிடாது. இயந்திரவியல் மாணவர் சட்டகத்தைச் செய்கிறார், மின்னணுவியல் மாணவர் சர்க்யூட்டைச் செய்கிறார், கணினி மாணவர் செயலி எழுதுகிறார், கடைசி வாரத்தில் மூன்றையும் ஒட்டவைத்து ரிவ்யூவுக்குக் கொண்டுவருகிறார்கள் என்றால், மூன்று தனித்தனித் திட்டங்களை ஒரே அட்டைக்குள் பைண்டு செய்திருக்கிறார்கள் என்றுதான் கொள்ள வேண்டும். நாம் வைத்துக்கொள்ள வேண்டிய அளவுகோல் ஒன்றுதான்: ஒரு துறை மாணவர் எடுத்த முடிவு, வேறொரு துறை மாணவர் சொன்ன காரணத்தால் எங்கேனும் மாறியிருக்கிறதா? மாறியிருந்தால், எந்தத் தேதியில், எதிலிருந்து எதற்கு மாறியது என்று குழுவினர் காட்ட வேண்டும். இந்தக் கேள்விக்கு விடையில்லாத திட்டம் எவ்வளவு நேர்த்தியாக இயங்கினாலும், அதைப் பல்துறைத் திட்டம் என்று அழைக்க நமக்கு மனம் வருவதில்லை.

இது புதிதாகப் புகுத்தப்பட்ட வெளிநாட்டு வழக்கமா?

வெளிநாட்டில் தொடங்கியது உண்மை, புதிது என்பது உண்மையல்ல. அமெரிக்காவின் ஹார்வி மட் கல்லூரி, நிறுவனங்களிடமிருந்து மெய்யான சிக்கல்களை வாங்கி மாணவர் குழுக்களிடம் கொடுக்கும் முறையை 1963இலேயே தொடங்கியது. டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகம் 1974இல் நிறுவப்பட்டபோதே திட்டங்களை நடுவில் வைத்துப் பாடத்திட்டத்தை வகுத்தது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1995இல் தொடங்கிய எபிக்ஸ் என்னும் திட்டம், உள்ளூர்ச் சேவை அமைப்புகளின் தேவைகளுக்காகப் பல துறை மாணவர்கள் சேர்ந்து பணியாற்றும் முறையைப் பரப்பியது.

இந்தியாவில் இதற்கு அழுத்தம் கூடியதற்கு ஒரு நிர்வாகக் காரணமும் உண்டு. பொறியியல் பட்டங்களைப் பல நாடுகள் பரஸ்பரம் ஏற்றுக்கொள்வதற்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014 ஜூனில் முழு உறுப்பினரானது. அந்த உடன்படிக்கையில் இந்தியாவின் சார்பில் இருக்கும் தேசிய அங்கீகார வாரியம் ஒரு பாடப்பிரிவை மதிப்பிடும்போது, பட்டதாரியிடம் இருக்க வேண்டிய திறன்களின் பட்டியலை முன்னால் வைத்துக்கொள்கிறது. நீண்ட காலம் 12 அம்சங்களாக இருந்த அந்தப் பட்டியலில் 9ஆவது, பல்துறைச் சூழலில் தனியாகவும் குழுவாகவும் பணியாற்றும் திறன். அங்கீகாரத்துக்கான கோப்பில் அந்த அம்சத்துக்குச் சான்று காட்ட வேண்டியிருப்பதால்தான் பல கல்லூரிகள் திடீரென்று இதில் அக்கறை காட்டுகின்றன. கோப்புக்காகத் தொடங்கினாலும், நல்லவிதமாக நடந்தால் நமக்கு மறுப்பில்லை.

ஒரே துறை மாணவர்கள் சேர்ந்து செய்தால் என்ன குறைந்துவிடும்?

துறைக்குள்ளேயே முடியும் சிக்கல் என்றால் எதுவும் குறையாது. ஒரு புதிய உலோகக் கலவையின் கடினத்தன்மையை அளக்க நான்கு துறைகளைக் கூட்டுவது வீண்வேலை. ஆனால், கல்லூரிச் சுவருக்கு வெளியே இருக்கும் சிக்கல்களில் பல, துறைகளுக்கு இடையே இருக்கும் சந்தில்தான் விளைகின்றன.

2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில், தோல் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஒரு பொது நிலையத்தில் கசடு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து, அருகில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் உயிரிழந்தனர். கசடு உருவாவது வேதிப் பொறியியல் பற்றியது, அதன் எடை சுவரைத் தள்ளும் அழுத்தம் கட்டடவியல் பற்றியது, இரவில் தொழிலாளர்கள் எங்கே படுத்துறங்குகிறார்கள் என்பது எந்தத் துறையின் பாடத்திலும் இல்லாதது. மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்கும் பழக்கம் படிக்கும் காலத்தில் வரவில்லையென்றால், வேலைக்குப் போன பிறகு வருவது அரிது.

இதற்கு நம் வட்டாரத்தில் முன்மாதிரி உண்டா?

உண்டு, அது ஒரு பொறியியல் கல்லூரியில் நடக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகால் விரல்கள் நோயால் தாமாக அழுகி விழுவதில்லை, வலி உணர்வு அற்றுப்போவதால் ஏற்படும் காயங்களே அவற்றைச் சிதைக்கின்றன என்பதைத் தம் குழுவினருடன் நிறுவினார். காரணம் இதுவென்று தெரிந்த பிறகு, மருந்தோடு சேர்த்துச் செருப்பும் சிகிச்சையின் பகுதியானது. 1955இல் தொடங்கப்பட்ட காரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் இந்தப் பணி தொடர்ந்தது.

அந்தச் செருப்பை உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு பகுதியிலும் ஒரு துறை தெரியும். உள்ளங்கால் படும் இடத்தில் நுண்ணறைகள் கொண்ட மென்மையான ரப்பர், பாதத்தின் ஒரே புள்ளியில் அழுத்தம் குவியாமல் பரப்பிவிடும். அது மிக மென்மையாக இருந்தால் நசுங்கித் தட்டையாகிவிடும், கடினமாக இருந்தால் புண்ணை உண்டாக்கும். ஆகவே ஷோர் அளவுகோலில் 15 அளவுக்குக் கடினம் கொண்ட ரப்பர் வழக்கில் நிலைபெற்றது. அதன் அடியில் முள்ளும் கல்லும் ஊடுருவாத உறுதியான இன்னொரு அடுக்கு. ஆணி கூடாது, ஏனெனில் உணர்வற்ற பாதத்தில் ஆணி ஏறினாலும் அணிந்தவருக்குத் தெரியாது. தைக்க வேண்டும் அல்லது ஒட்ட வேண்டும். மருத்துவர், இயன்முறை மருத்துவர், ரப்பர் அறிந்தவர், செருப்பு தைப்பவர் ஆகிய யாரும் தனியாக இந்த முடிவுகளுக்கு வந்திருக்க முடியாது.

இதன் அடுத்த கட்டம்தான் மாணவர்களுக்கு நாம் அதிகம் சொல்ல விரும்புவது. இப்படி எல்லா வகையிலும் சரியாக அமைந்த செருப்பைப் பலர் அணிய மறுத்தார்கள். அதன் தோற்றம் தனித்துத் தெரிந்ததால், அணிந்து தெருவில் இறங்கினாலே நோய் ஊருக்குத் தெரிந்துவிடும். எனவே பிற்காலத்தில், சாதாரணச் செருப்பைப் போலவே தோன்றும் வடிவங்களைத் தேட வேண்டியதாயிற்று. ரப்பரின் கடினத்தை அளக்கக் கருவி இருக்கிறது, ஒருவர் அதை வெளியே போட்டுக்கொண்டு போவாரா என்பதை அவரிடம் கேட்டுத்தான் அறிய முடியும்.

சிக்கலை எங்கே தேடுவது?

இணையத்தில் தேடாதீர்கள். அங்கே கிடைப்பது வேறு ஊர்க்காரர் ஏற்கெனவே தீர்த்துவிட்ட சிக்கல், அல்லது யாருக்கும் இல்லாத சிக்கல். நம்மைச் சுற்றிலும் பஞ்சமில்லை: ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் தொழிற்சாலைகள், குடியாத்தத்தின் தறிகளும் தீப்பெட்டி வேலையும் பீடி சுற்றலும், ஆரணியின் பட்டு, ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடந்து 2021 நவம்பரில் கரைபுரண்ட பாலாறு, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற முள்ளுக்கத்தரியை விளைவிக்கும் இலவம்பாடிப் பகுதி விவசாயிகள், நாடெங்கிலுமிருந்து நோயாளிகள் வந்து தங்கும் வேலூர் நகரத்து விடுதிகள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு நிபந்தனை உண்டு. அந்தச் சிக்கலுக்கு ஓர் உரிமையாளர் இருக்க வேண்டும். "விவசாயிகளுக்குத் தண்ணீர்ப் பிரச்சினை" என்பது செய்தித்தாள் தலைப்பு. இன்ன ஊரில், இன்னாருடைய கிணற்றில், ஏப்ரல் மாதத்தில் மோட்டார் காற்றை இழுத்துப் பழுதாகிவிடுகிறது என்பது சிக்கல். அவரிடம் போய் நின்று, தீர்ந்ததா என்று கேட்டால் ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியும்.

மிகப் பெரிய சிக்கலை எடுக்கக் கூடாதா?

கூடாது என்பதே பொதுவாக நம் விடை. ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற குரோமியக் கழிவு லட்சம் டன்னுக்கும் மேல். அதை அகற்றப் போகிறோம் என்று ஒரு செமஸ்டருக்குத் திட்டம் எழுதும் ஆர்வத்தை மதிக்கலாம், அந்தத் திட்டத்தை அனுமதிக்க முடியாது. அதே குவியலைச் சுற்றிய பகுதியில், எந்தக் கிணற்று நீரை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டுப் பதிவுசெய்து, நீர் ஆய்வு முடிவை வீட்டுக்காரருக்குப் புரியும் வகையில் எழுதித் தருவது, வேதிப் பொறியியல், கட்டடவியல், கணினித் துறை மாணவர்கள் சேர்ந்து ஓராண்டில் முடிக்கக்கூடியது.

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகச் சொல்ல இயலுமா?

தோல் தொழிற்சாலையின் கழிவுநீர்த் தொட்டியில் நச்சுவாயு இருந்தால் எச்சரிக்கும் கருவியை எடுத்துக்கொள்வோம். மாணவர்கள் ஆண்டுதோறும் விரும்பித் தேர்ந்தெடுக்கும் தலைப்பு இது. ஆண்டுதோறும் ஒரே விதத்தில் அரைகுறையாக முடிவதும் இதுதான்.

வாயு எப்படி வருகிறது என்பது முதலில் தெரிய வேண்டும். தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்புடன் சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அந்தக் காரக் கழிவுநீர் தனியாக இருக்கும்வரை சல்பைடு நீரிலேயே கரைந்திருக்கும். பின்னர் தோலை உப்பும் அமிலமும் கலந்த நீரில் ஊறவைக்கும் பிக்கிள் கட்டத்தின் அமிலக் கழிவுநீர் அதே தொட்டியில் சேர்ந்தால், ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக வெளியேறும். நாள்பட்ட கசட்டில் பாக்டீரியாக்களாலும் இது உருவாகிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை இதற்கு வைத்த வரம்பு, 8 மணி நேரச் சராசரியாக 10 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் பத்துப் பங்கு), குறுகிய நேரத்துக்கு 15 பிபிஎம்.

இப்போது குழுவைப் பாருங்கள். மின்னணுவியல் மாணவர் வழக்கம்போல எம்க்யூ வரிசை என்னும் மலிவான வாயு சென்சார் ஒன்றையும், அதை இயக்க ஆர்டுயினோ என்னும் சிறு கணினிப் பலகையையும் வாங்கி, தொழிலாளியின் இடுப்பில் மாட்டும் கருவியாகச் செய்ய நினைக்கிறார். வேதிப் பொறியியல் மாணவர், அந்தக் குறைக்கடத்தி சென்சார் வேறு பல வாயுக்களுக்கும் அசைந்துகொடுக்கும், உயிர்காக்கும் கருவிக்கு அதை நம்ப முடியாது, வேதிவினையால் உண்டாகும் மின்னோட்டத்தைக் கொண்டு வாயுவை அளக்கும் மின்வேதி வகைதான் வேண்டும் என்கிறார். மின்னியல் மாணவர், எம்க்யூ சென்சாரின் சூடேற்றி மட்டுமே ஏறத்தாழ ஒரு வாட் மின்சாரத்தை விழுங்குவதால் சிறு பேட்டரி ஒரு ஷிப்டு முழுவதும் தாங்காது என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார். இரண்டு காரணங்களாலும் சென்சார் மாறுகிறது, விலை பல மடங்கு உயர்கிறது, ஆளுக்கொரு கருவி என்ற எண்ணம் கைவிடப்பட்டுத் தொட்டிக்கொரு கருவி என்றாகிறது.

எங்கே பொருத்துவது? ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடச் சுமார் 1.2 மடங்கு அடர்த்தியானது. தாழ்வான இடத்தில் தேங்கும். மூடியின் விளிம்பில் பொருத்தினால் மேலே சுத்தமான காற்றைக் காட்டிக்கொண்டு, அடியில் ஆளைக் கொல்லும். எனவே இயந்திரவியல் மாணவர், சென்சாரை உள்ளே இறக்கி ஏற்றும் துருப்பிடிக்காத கம்பி ஒன்றை வடிவமைக்க வேண்டும். கட்டடவியல் மாணவர் தொட்டியின் வரைபடத்தைப் பார்த்து, ஆள் இறங்கும் வாய் ஒன்றுதான் என்பதையும், மயங்கியவரை அந்த வழியாகத் தூக்க முடியாது என்பதையும் கண்டுபிடிக்கிறார்.

இதற்குப் பிறகுதான் மெய்யான சிக்கல் தொடங்குகிறது. வாயு இருந்தால் நாற்றம் தெரியுமே என்று அனுபவமுள்ள தொழிலாளிகள் சொல்வார்கள். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிப்பது உண்மைதான். ஆனால், 100 பிபிஎம் அளவை எட்டினால் சில நிமிடங்களிலேயே மூக்கு மரத்துப்போய் நாற்றம் அறவே தெரியாமல் போகும். நாற்றம் நின்றுவிட்டது என்று இறங்குபவர்தான் மாட்டிக்கொள்கிறார். அவரைக் காப்பாற்ற அடுத்தவர் இறங்குவதால்தான் இத்தகைய விபத்துகளில் ஒன்றுக்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள். கருவி கூவியபிறகு யார் என்ன செய்ய வேண்டும், மேஸ்திரி இல்லாதபோது இறங்கலாம் என்று யார் முடிவெடுக்கிறார்கள், வேலை நின்றால் அன்றைய கூலி என்னாகும் என்பதையெல்லாம் கேட்டறிய மேலாண்மை அல்லது சமூகப்பணித் துறை மாணவர் ஒருவர் வேண்டும். அவர் சேகரித்துவரும் விடையைப் பொறுத்து, திட்டத்தின் இறுதி வடிவம் எச்சரிக்கைக் கருவியாக இல்லாமல், ஆள் இறங்கவே தேவையில்லாத வகையில் கசட்டை வெளியிலிருந்து உறிஞ்சும் ஏற்பாடாகக்கூட மாறலாம். அப்படி மாறினால் குழுவுக்கு முழு மதிப்பெண் தர வேண்டும் என்பது நம் கருத்து. "தலைப்பை ஏன் மாற்றினீர்கள்" என்று ரிவ்யூவில் கடிந்துகொள்ளும் வழக்கத்தை ஆசிரியர்கள் முதலில் விட வேண்டும்.

மாணவர்கள் தொட்டிக்குள் இறங்கிச் சோதிக்கலாமா?

எந்த நிலையிலும் கூடாது. எட்டிப் பார்ப்பதற்குக்கூடத் தலையை உள்ளே நீட்டக் கூடாது. வாயுவைக் கொண்டு செய்யும் சோதனை, தரச்சான்றுள்ள வாயு உருளையுடன், புகைப்போக்கி வசதியுள்ள ஆய்வகத்தில், ஆசிரியர் முன்னிலையில் மட்டுமே நடக்க வேண்டும்.

தொழிற்சாலையில் எங்களை உள்ளே விடுவார்களா?

தயக்கத்தோடுதான் விடுவார்கள், அதற்குக் காரணமும் இருக்கிறது. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டமாக நிலைநிறுத்தியது. அந்த வழக்கின் களமே பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள். அன்றுமுதல் நோட்டுப் புத்தகமும் சாம்பிள் பாட்டிலுமாக வாசலில் நிற்கும் எவரையும் முதலாளிகள் ஐயத்தோடுதான் பார்க்கிறார்கள். கல்லூரி முதல்வரின் கடிதத்தோடு போங்கள். எதை அளக்கப் போகிறீர்கள், முடிவை யாரிடம் காட்டுவீர்கள், எதை வெளியிட மாட்டீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். அதே வேளையில், உயிருக்கு ஆபத்தான ஒன்றைக் கண்டால் அதை மறைக்க உடன்பட மாட்டீர்கள் என்பதையும் அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள்; பின்னால் சங்கடம் வராது.

முதல் சந்திப்பில் கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்காதீர்கள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தொழுகை நேரமான வெள்ளிக்கிழமை நண்பகலில் சந்திப்பு கேட்காதீர்கள். முதலாளியைப் பார்த்துப் பேசிவிட்டுத் திரும்பிவிடுவதும் போதாது. டிரம் ஓட்டுபவர், ஈரத் தோலைத் தூக்குபவர், சுத்திகரிப்பு நிலையத்தில் இரவுப்பணி பார்ப்பவர் ஆகியோருக்குத் தெரிந்தது அலுவலக அறையில் இருப்பவருக்குத் தெரியாது. அவர்களை "அண்ணா", "அக்கா" என்று அழைத்துப் பேசத் தெரிந்த மாணவர், ஆங்கிலத்தில் கேள்வித்தாள் தயாரித்துக்கொண்டு போகும் மாணவரைவிட அதிகம் அறிந்துகொண்டு வருவார்.

எந்த மொழியில் பேச வேண்டும், எழுத வேண்டும்?

அறிக்கையைப் பல்கலைக்கழகம் கேட்கும் மொழியில் எழுதுங்கள். ஆனால், கருவியைப் பயன்படுத்துபவருக்கான குறிப்பு தமிழில் இருக்க வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பகுதிகளில் உருது பேசுவோரும், ஆந்திர எல்லையையொட்டிய ஊர்களில் தெலுங்கு பேசுவோரும், தொழிற்சாலைகளில் வடமாநிலத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். எழுத்தைவிட மூன்று வண்ண விளக்கும் ஒரு படமும் பல இடங்களில் மேலாக வேலை செய்யும்.

குழுவில் எத்தனை பேர், யார் யார் இருக்க வேண்டும்?

ஐந்து அல்லது ஆறு பேர். 2017 முதல் நடந்துவரும் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் என்னும் தேசிய மாணவர் போட்டியில் ஆறு பேர் குழு, அதில் ஒரு மாணவியாவது இருக்க வேண்டும் என்பது விதி. ஒரே ஒரு மாணவியைச் சேர்த்துக்கொண்டு, அவரிடம் அறிக்கை தட்டச்சு செய்வதையும் பிபிடி தயாரிப்பதையும் ஒப்படைத்துவிடுவது நம் கல்லூரிகளில் பரவலாக நடக்கிறது. வழிகாட்டி இதைக் கண்டும் காணாமல் விடக் கூடாது.

நண்பர்களாகச் சேர்ந்து குழு அமைத்தால் ஒரே விடுதி, ஒரே பேருந்து, ஒரே துறை என்றுதான் அமையும். சிக்கலை முதலில் தேர்ந்தெடுத்து, அதற்கு என்னென்ன அறிவு வேண்டும் என்று பட்டியலிட்ட பிறகு ஆளைத் தேடுவதே முறை. உள்ளூர்க்காரர் ஒருவர் குழுவில் இருப்பது பெரும் பலம்: அப்பா டேனரியில் வேலை பார்க்கும் மாணவருக்குத் தெரிந்தது எந்தப் பாடநூலிலும் இல்லை, அவர் அதைச் சொல்லக் கூச்சப்படாத சூழலை உருவாக்குவது ஆசிரியரின் பொறுப்பு.

ஒருவர் மட்டும் உழைத்து மற்றவர்கள் மதிப்பெண் வாங்கிக்கொண்டு போவதை எப்படித் தடுப்பது?

அடிக்கடி கேட்கப்படுவதும், கோபத்தோடு கேட்கப்படுவதும் இதுதான். பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ரிங்கெல்மன், கயிறு இழுக்கும் சோதனைகளைச் செய்து 1913இல் வெளியிட்ட கட்டுரையில், இழுக்கும் ஆட்களின் எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொருவரும் போடும் விசை குறைகிறது என்று காட்டினார். தேர் வடம் பிடித்தவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. கை வடத்தில் இருக்கும், பாரம் பக்கத்து ஆளிடம் இருக்கும்.

குழுவைச் சிறிதாக வைப்பதும், ஒவ்வொருவரின் பொறுப்பையும் எழுத்தில் வைப்பதும் ஓரளவுக்கு உதவும். வாரந்தோறும் அரைப்பக்கக் குறிப்பேடு கேளுங்கள்: இந்த வாரம் நான் செய்தது, வேறு துறை நண்பரிடம் நான் கேட்டறிந்தது, அதனால் மாறியது. செமஸ்டரின் நடுவில் ஒருமுறையும் இறுதியில் ஒருமுறையும் குழுவினர் ஒருவரையொருவர் மறைவாக மதிப்பிடட்டும். நடுவில் செய்வதே முக்கியம், ஏனெனில் இறுதியில் மட்டும் செய்தால் அது பழிதீர்ப்பாகிவிடும், திருந்த அவகாசம் இராது. வைவா எனப்படும் வாய்மொழித் தேர்வில் கணினி மாணவரிடம் சென்சாரைப் பற்றியும், மின்னணுவியல் மாணவரிடம் தொழிலாளியின் பணிநேரத்தைப் பற்றியும் கேளுங்கள். உழைக்காதவர் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடுவார்.

ஒன்றை மட்டும் ஆசிரியர்கள் நினைவில் கொள்ள வேண்டும். வராத மாணவர்கள் எல்லோரும் சோம்பேறிகள் அல்லர். அரியர் தாள்களோடு திண்டாடுபவர், மாலையில் பகுதிநேர வேலைக்குப் போகிறவர், ஊருக்குக் கடைசிப் பேருந்து ஆறு மணிக்கே போய்விடுவதால் தங்க முடியாதவர் என்று பலர் உண்டு. கூட்டத்தை இரவில் விடுதியில் நடத்திவிட்டு, வரவில்லை என்று குறைசொல்வது முறையல்ல.

இது எந்தத் துறையின் கணக்கில் சேரும்?

சிக்கலான கேள்வி, பல நல்ல திட்டங்கள் இந்த இடத்தில்தான் முடங்குகின்றன. பெரும்பாலான கல்லூரிகளில் இறுதியாண்டுத் திட்டத்தின் மதிப்பீடும் வைவாவும் துறைவாரியாகவே நடக்கின்றன. வெளித்தேர்வாளர் தம் துறையைச் சார்ந்ததைத்தான் கேட்பார். தன்னாட்சிக் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் பல்துறைத் திட்டத்தைத் தனிப் பாடமாகவே வைத்துக்கொள்ள முடியும். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2018இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம், பட்டத்துக்கான மொத்தக் கிரெடிட்டை 160 ஆகக் குறைத்ததே இத்தகைய வேலைகளுக்கு இடம் விடத்தான். இணைப்புக் கல்லூரிகளுக்கு நாம் பரிந்துரைக்கும் வழி, எல்லோருக்கும் பொதுவான இரண்டு அத்தியாயங்கள், அவரவர் துறைக்குரிய தனி அத்தியாயங்கள் என்று அறிக்கையைப் பிரித்து, ஒவ்வொரு துறையிலும் அதற்கேற்ற தலைப்பில் சமர்ப்பிப்பது. துறைத்தலைவர்களின் ஒப்புதலை செமஸ்டர் தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

எல்லாத் துறைகளுக்கும் பொதுவாக வாரத்தில் ஒரு பிற்பகலைக் கால அட்டவணையில் ஒதுக்காமல் இது நடக்காது. இரு துறை வழிகாட்டிகள் இருந்தால் இருவருக்கும் பணிச்சுமைக் கணக்கில் நேரம் தர வேண்டும்; தராவிட்டால் இரண்டாவது வழிகாட்டி அறிக்கையின் முன்பக்கத்தில் மட்டுமே இருப்பார்.

செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும்?

தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் திட்டங்களுக்குச் சிறு நிதி வழங்குகிறது. கிராமம் சார்ந்த திட்டமென்றால், உயர்கல்வி நிறுவனங்களைக் கிராமங்களோடு இணைக்க 2014இல் தொடங்கப்பட்ட உன்னத் பாரத் அபியான் என்னும் மத்திய அரசுத் திட்டத்தில் கல்லூரி சேர்ந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். நிதி கைக்கு வருவதற்குள் செமஸ்டர் முடிந்துவிடக்கூடும் என்பதால், முதல் மாதிரியை அட்டையிலும் பிவிசி குழாயிலும் செய்து பயனாளரிடம் காட்டி, அவர் சரி என்ற பிறகே செலவு செய்யுங்கள். விலைக்கு வாங்கிய "ரெடிமேடு புராஜெக்ட்" பற்றிக் கேட்பவர்களுக்கு நம்மிடம் விடையில்லை.

பிளேஸ்மெண்டுக்கு இது உதவுமா என்று பெற்றோர் கேட்கிறார்கள்.

மென்பொருள் நிறுவனங்களின் முதல்கட்டத் தேர்வில் இது நேரடியாக உதவாது. அங்கே திறனறித் தேர்வும் கோடிங்கும்தான் வடிகட்டி. நேர்காணல்வரை சென்றவருக்கு நிச்சயமாக உதவும். "குழுவில் கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தீர்கள்" என்ற கேள்விக்கு மனப்பாடம் செய்த விடையைச் சொல்பவரையும், விலை கூடும் என்று தெரிந்தே சென்சாரை மாற்றிய கதையைச் சொல்பவரையும் பிரித்தறிவது யாருக்கும் கடினமல்ல. ராணிப்பேட்டை பெல் ஆலை போன்ற உற்பத்தி நிறுவனங்களிலும் அவற்றைச் சார்ந்த சிறுதொழில்களிலும் வேலை தேடுவோருக்குப் பயன் இன்னும் கூடுதல்.

பயனாளர் எங்கள் கருவியை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் தோல்விதானா?

காரணத்தைக் கேட்டறிந்து எழுதினால் தோல்வியல்ல. பீடி சுற்றும் பெண்களின் முதுகுவலிக்கு மேசையும் நாற்காலியும் வடிவமைக்கும் குழு ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். கோணங்களையெல்லாம் சரியாகக் கணக்கிட்டிருப்பார்கள். அந்தப் பெண்ணோ மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, ஒரு கண் அடுப்பிலும் ஒரு கண் பிள்ளையிலுமாக, வெளிச்சம் போகும் இடத்துக்கெல்லாம் நகர்ந்து உட்காருகிறவர். அந்த வீட்டில் மேசைக்கு இடமில்லை. தரையில் உட்கார்ந்தபடியே முதுகைத் தாங்கும், சுவரில் சாய்த்து மடக்கி வைக்கக்கூடிய ஒன்றுதான் அவருக்கு வேண்டும் என்று தெரிந்துகொண்ட குழு, மேசையைச் செய்து முடித்த குழுவைவிட மேலானது. மதிப்பெண் பட்டியலில் இதற்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். பெரும்பாலான பட்டியல்களில் இல்லை.

செமஸ்டர் முடிந்தபின் கருவி என்னாகும்?

பெரும்பாலும் துறை அலமாரியின் மேல்தட்டில் தூசி படியும். அதைத் தவிர்க்க வேண்டுமென்றால் முதல் நாளிலேயே யோசிக்க வேண்டும். நான்காம் ஆண்டு மாணவர்களோடு இரண்டாம் ஆண்டு மாணவர் இருவரைச் சேர்த்துக்கொண்டால், சீனியர்கள் போனபிறகும் திட்டத்தை அறிந்தவர்கள் கல்லூரியில் இருப்பார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இப்படி ஒரே திட்டம் பல ஆண்டுகள் தொடர்வதே வழக்கமாகியிருக்கிறது. கழன்று போகக்கூடிய பாகம் எதுவாயினும் வேலூர்க் கடைகளிலோ குறைந்தது மின்னணுப் பொருள்கள் விற்கும் சென்னை ரிச்சி தெருவிலோ கிடைப்பதாக இருக்கட்டும். மின்வேதி சென்சார் இரண்டு மூன்று ஆண்டுகளில் செயலிழக்கும், நம் ஊர்க் கோடையில் அதற்கு முன்பேகூட உலர்ந்துபோகலாம். ஆகவே மாற்ற வேண்டிய தேதியைக் கருவியின் மேலேயே அழியாத மையில் எழுத வேண்டும், மாற்றும் செலவு யாருடையது என்பதைத் தொழிற்சாலையோடு முன்னரே பேசி முடிக்க வேண்டும். அந்தத் தேதிக்குப் பிறகு கவனிக்க ஆளில்லையென்றால் கருவியைக் கழற்றி எடுத்து வந்துவிடுங்கள், ஏனெனில் வேலை செய்யாத எச்சரிக்கைக் கருவியை நம்பி ஒருவர் தொட்டியில் இறங்கக்கூடும். பழுதானால் அழைப்பதற்கு மாணவரின் கைப்பேசி எண்ணை ஒட்டாதீர்கள். படிப்பு முடிந்து அவர் பெங்களூருவிலோ சென்னையிலோ இருப்பார். துறை அலுவலகத்தின் தொலைபேசி எண்ணை ஒட்டி, அதை யார் எடுத்துப் பேசுவது என்பதையும் துறைத்தலைவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.